நாலரைக் கட்டையில் ஒரு ஃபேன்

சென்னை ரிச்சி தெருவில் நின்றுகொண்டு ஒரு கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்டோ ஹாரன், ஸ்பீக்கர் கடைகளின் சோதனைப் பாட்டு, சுமை தூக்கி வருகிறவர்களின் "ஓரம், ஓரம்", எதிர்க்கடையில் அட்டைப் பெட்டி பிரிக்கிற சத்தம். இதற்கு நடுவே மேசைமேல் ஓடுகிற எந்த மெஷினும் ஊமைதான். வாடிக்கையாளர் குனிந்து காதைக் கொடுத்துப் பார்த்து, "சத்தமே இல்லையே" என்று சந்தோஷமாகப் பணம் கட்டிவிட்டுப் போவார். ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் ஏசி போட்டு, சீலிங் ஃபேனை நிறுத்தி, திரையில் இரண்டு பேர் கிசுகிசுக்கும் காட்சி வரும்போதுதான் அந்த மெஷின் வாயைத் திறக்கும். மறுநாள் காலை கடைக்குப் போன் வரும்.

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஹோம் தியேட்டருக்குப் போகிற பிசியை ஷட்டர் இறக்கிய பிறகுதான் கேட்டுப் பார்ப்போம். ட்யூப்லைட் சோக் முனகும் என்று அதையும் அணைத்துவிட்டு, மெஷினிலிருந்து எட்டு அடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். நம் ஊர் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். போனில் டெசிபல் காட்டும் ஆப் எல்லாம் அண்ணனிடம் செல்லாது. அமைதியான அறையில் அந்த ஆப் காட்டுவதில் பாதி போன் மைக்கின் சொந்த இரைச்சல்.

அண்ணன் என்பது கடை முதலாளி. பென்டியம் காலத்திலிருந்து அசெம்பிள் செய்கிறவர். நான் பாலிடெக்னிக்கில் ஈசிஇ முடித்துவிட்டு பில் போடுவதற்காகச் சேர்ந்தவள். கணக்கு மேசையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் மேசைக்கு நானாக நகர்ந்துகொண்டேன். இன்னும் சிலர் என் எதிரிலேயே நின்று "கடையில ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்பதுண்டு. "அதான் நிக்குதே, அதுகிட்ட கேளுங்க" என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல் வரும். உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வேலை செய்துகொண்டே முணுமுணுப்பார், பக்கத்தில் நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். குட்டைக் கூலர் விஷயத்தில் மட்டும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

குட்டைக் கூலர் என்பது கடைப் பேச்சு. ப்ராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுத்து வெளியே விடுகிற ஹீட்சிங்க்கும் ஃபேனும் சேர்ந்தது கூலர். டவர் கேபினெட்டில் 155, 160 மி.மீ. உயரக் கூலரைக்கூட நிறுத்தலாம். டிவிக்குக் கீழே படுத்துக் கிடக்கிற தட்டைக் கேபினெட்டில் அதற்கு இடம் ஏது? நாற்பது, ஐம்பது மி.மீ.க்குள் வேலையை முடிக்க வேண்டும். உயரம் குறைந்தால் தகடுகளின் பரப்பு குறையும். பரப்பு குறைந்தால் காற்று அதிகம் வேண்டும். அதற்கு ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், சுற்றினால் சத்தம். இந்தச் சங்கிலியை எந்த இடத்தில் அறுப்பது என்பதுதான் நான் படித்த பாடம் முழுக்க.

இந்தக் காலத்தில் யாருக்கு ஹோம் தியேட்டர் பிசி தேவை என்று கேட்டால் நியாயமான கேள்வி. ஓடிடி மட்டும் பார்க்கிறவருக்கு டிவியில் செருகும் ஸ்டிக் போதும். அண்ணன் அவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். அதற்கு மேல் கொஞ்சம் வேண்டும் என்றால் 2023இல் வந்த இன்டெல் என்100 போட்ட சின்னப் பெட்டி. ஆறு வாட் ப்ராசஸர், சில பெட்டிகளில் ஃபேனே கிடையாது. மிச்சம் நிற்கிறவர்கள் தனி ரகம். ஹார்டு டிஸ்க் நிறையப் பழைய படங்களும் கச்சேரிப் பதிவுகளும் வைத்திருப்பவர்கள், சப்டைட்டிலைத் தாங்களே நேரம் பார்த்துச் சரிசெய்கிறவர்கள், அதே மெஷினில் பிள்ளைகளுக்கு கேமும் ஓட வேண்டும் என்கிறவர்கள். படம் ஓட்டும் மென்பொருள், 2014இலேயே கோடி என்று பெயர் மாறிவிட்ட எக்ஸ்பிஎம்சியை இன்னும் பழைய பெயர் சொல்லித்தான் கேட்பார்கள்.

கூலர் கேட்டு வருகிறவருக்குக் கூலரை எடுத்துக் காட்டக் கூடாது. அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "மெஷின் எங்க உட்காரப் போகுது?" அந்த இடத்தைப் போனில் படம் பிடித்து வரச் சொல்வார். மூடிய ஷோகேஸா, பின்பக்கம் திறந்த பலகையா, மேலே செட்டாப் பாக்ஸ் உட்காருமா, பக்கத்தில் சாமி விளக்கு ஏற்றுவார்களா என்று பார்ப்பார். அப்புறம் கேபினெட், அதற்கப்புறம் ப்ராசஸர், போர்டு. கூலர் பேச்சு கடைசியில்தான் வரும். அதற்குள் அது ஏறக்குறைய முடிவாகியிருக்கும்.

ஷோகேஸில் அவ்வளவு அக்கறை ஏன் என்பது எனக்குக் கணக்காகத்தான் புரிந்தது. எந்த ஏர் கூலரும் ப்ராசஸரைச் சுற்றுக்காற்றைவிடக் குளிர்ச்சியாக வைக்காது. காற்றின் வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏற விடுகிறது என்பதுதான் அதன் திறமை. எங்கோ குளிர்ந்த ஊரில் 22 டிகிரி அறையில் ஒரு கூலர் 62 டிகிரியில் நிறுத்தியது என்று ரிவ்யூவில் படித்தால், அது நாற்பது டிகிரி ஏற்றம். மே மாதம் சைதாப்பேட்டை ஹாலில் 35 என்றால் அதே கூலர், அதே வேகத்தில் 75க்கு வரும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் விட்ட காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தால் உள்ளே காற்று 45ஐத் தொடலாம். அப்போது ப்ராசஸர் 85. ஐ3-12100 போன்றவை 100 டிகிரி வரை தாங்கும், எரிந்துபோகாது. ஆனால் சூடு ஏற ஏற ஃபேன் தானாக வேகம் பிடிக்கும். எவ்வளவு நல்ல கூலரையும் ஒரு கண்ணாடிக் கதவு கத்த வைத்துவிடும். "கதவக் கழட்டிருங்க" என்று அண்ணன் சொல்லி, விற்பனை நின்றுபோன நாளும் உண்டு. டிவி ஸ்டாண்டு புதிதாகச் செய்த வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது.

நான் முதலிலிருந்து கடைசிவரை கூடவே நின்ற மெஷின் மயிலாப்பூர் வயலின் டீச்சருடையது. மேடை ஏறுவதை நிறுத்தி, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். கச்சேரிப் பதிவுகள் நிறைய, பழைய படங்கள் நிறைய. அவருடைய ஸ்டாண்டு பின்பக்கம் திறந்தது, கதவு இல்லை. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. மற்றவர்கள் "எத்தனை டெசிபல் வரும்?" என்பார்கள். டீச்சர், "ஒரே சீரா ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

கேபினெட் தட்டையானது, மேல்மூடியில் ஓட்டைகள் உள்ளது. பெட்டிமேல் எழுதியிருக்கும் கூலர் உயரத்தை அண்ணன் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். கூலர் செய்கிறவர்கள் உயரத்தை ப்ராசஸரின் மேல்தகட்டிலிருந்து கணக்கிடுகிறார்கள். கேபினெட்டில் எழுதிய எண் எங்கிருந்து அளந்தது என்று பெட்டியில் இருக்காது. சாக்கெட்டும் ப்ராசஸரும் சேர்ந்து போர்டுக்கு மேல் ஏழு, எட்டு மி.மீ. வரும், அந்த இடைவெளிக்குள் ஒரு கூலரே திரும்பி வந்துவிடும். இதற்கென்றே கடையில் ஒரு செத்த போர்டும் செத்த ப்ராசஸரும் இருக்கின்றன. போர்டைக் கேபினெட்டில் திருகி, ப்ராசஸர்மேல் பாலித்தீன் காகிதம் போட்டு, பிள்ளைகள் விளையாடும் கலர்க் களிமண்ணை உயரமாகப் பிடித்து வைத்து, மூடியை மூட வேண்டும். திறந்து பார்த்தால் களிமண் சரியாக மூடியின் உயரத்துக்கு அமுங்கியிருக்கும். வெர்னியரின் வாலை உள்ளே விட்டு அளந்தேன். 58 மி.மீ.

உயரத்தை வைத்துத்தான் இந்தச் சந்தையே நடக்கிறது. நாக்டுவாவின் என்எச்-எல்9ஐ ஃபேனோடு சேர்த்து 37 மி.மீ. உள்ளங்கை அகலம், 95க்கு 95, பக்கத்தில் ராம் எவ்வளவு உயரம் என்றாலும் இடிக்காது. காபிப்பொடி நிறம் பிடிக்காதவர்களுக்குக் கறுப்பும் உண்டு. இன்வின் சோப்பின் மாதிரி 43 மி.மீ. மட்டுமே விடும் கேபினெட்டுகளுக்கு இதுதான் தஞ்சம். ஆனால் சூட்டைக் கடத்தும் ஹீட்பைப் இரண்டுதான். அடுத்தது தெர்மல்ரைட்டின் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47. பெயரிலேயே உயரம் இருக்கிறது, நான்கு ஹீட்பைப். ஏஎம்டி பெட்டியோடு தரும் வ்ரெய்த் ஸ்டெல்த் 54. ஐடி-கூலிங் ஐஎஸ்-55 என்பது 57, அதில் 120 மி.மீ. ஃபேன். 70 மி.மீ. இடம் இருந்தால் நாக்டுவா என்எச்-எல்12எஸ், அதுவும் 120 ஃபேன்தான். ஒவ்வொரு பெட்டியிலும் இத்தனை வாட் தாங்கும் என்று ஒரு எண் இருக்கும். எல்லோரும் ஒரே முறையில் அளப்பதில்லை என்பதால் இரண்டு கம்பெனி எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. நாக்டுவா அந்த வாட் கணக்கை விட்டுவிட்டுத் தனக்கென ஒரு மதிப்பெண் முறை வைத்துக்கொண்டது.

எண்ணை மட்டும் பார்த்தால் 58க்குள் 57 போகும். பெரிய ஃபேனுக்குக் காரணமும் பலமானது. ஒரே வடிவம், ஒரே வேகம் என்றால் 120 மி.மீ. ஃபேன், 92ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் காற்றைத் தள்ளும் என்பது கணக்கு. ஆகவே மெதுவாகச் சுற்றினால் போதும். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. அதையே மாட்டி ஓடவிட்டு, மூடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்ல இறக்கச் சொன்னார். உயரே இருந்தவரை "ஸ்ஸ்" என்ற காற்றோசைதான். ஒரு விரல் கனத்துக்குக் கீழே மூடி வந்ததும் அது "ங்ங்" என்று மாறியது. வேகம் மாறவில்லை, ஃபேன் மாறவில்லை. ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தகட்டுப் பட்டைகளைச் சுற்றிக்கொண்டு காற்று கலங்கி உள்ளே வருகிறது. அந்தக் கலக்கத்தை ஒவ்வொரு இறக்கையும் வெட்டும்போது எழுகிற ஓசை அது. மூடியை மேலும் கீழும் நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அந்த மாற்றம் நிகழும் இடம் கைக்குப் பழகும் வரை அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

47 போட்டால் மூடிக்கு 11 மி.மீ. மிச்சம். 37 போட்டால் 21, ஆனால் அத்தனை இடைவெளி தேவையில்லை. வீணாகப் போகிற பத்து மி.மீ.யைத் தகடாக மாற்றிக்கொள்ளலாம். 47 என்று முடிவாயிற்று. மிச்சம் இருந்த 11 மி.மீ.க்கும் அண்ணனிடம் வேலை இருந்தது. பழைய மவுஸ்பேடை வளையமாக வெட்டி ஃபேனின் சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே வைத்தார், ஃபேன் வெளிக்காற்றை மட்டும் குடிக்கட்டும் என்று. வளையம் இல்லாமலும் வைத்தும் ஊதுபத்தி காட்டிப் பார்த்தோம். இல்லாதபோது புகை பக்கவாட்டில் வெளியே வந்து திரும்ப மூடிக்குள் இறங்கியது. வைத்த பிறகு நேராக உள்ளே போய்ப் பின்பக்கம் வந்தது. கடை முழுக்க வெள்ளிக்கிழமை வாசனை.

ப்ராசஸர் விஷயம் சுருக்கமானது, ஆனால் பணம் இருப்பது அங்கேதான். டீச்சருக்கு ஐ3-12100. அடிப்படை மின்செலவு 60 வாட், திடீர் வேலை வந்தால் 89 வரை போகும். 4கே படம் ஓட அதெல்லாம் தேவையே இல்லை. ஹெச்இவிசி, ஏவி1 என்ற இரண்டு வீடியோ வடிவங்களையும் பிரிக்க உள்ளிருக்கும் கிராஃபிக்ஸில் தனிப் பகுதி உண்டு. படம் ஓடும்போது ப்ராசஸர் கோர்கள் சும்மா இருக்கும். இதே ப்ராசஸர் கடைசியில் எஃப் எழுத்தோடு இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு வாங்க வேண்டும், கார்டுக்கு ஒரு ஃபேன் வரும், மிச்சம் பிடித்த காசு சத்தமாகத் திரும்பி வரும். இதோடு பயாஸுக்குள் போய் மின்செலவின் உச்சவரம்பை 35, 45 என்று இறக்கி வைத்தோம். 12100டி என்று இன்டெலே விற்கும் ப்ராசஸர் 35 வாட்தான். அமைதியைக் கூலரில் வாங்குவதற்கு முன் இங்கே ஓசியில் கொஞ்சம் கிடைக்கும் என்பதை அண்ணன் எந்த வாடிக்கையாளருக்கும் சொல்லத் தவறுவதில்லை. வியாபாரிக்கு அழகில்லாத குணம் என்று அண்ணி திட்டுவார்.

ஹீட்பைப் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்குப் பதிலாக, ஃபேன் போன ஒரு பழைய கூலரையும் ஹேக்ஸா பிளேடையும் கையில் கொடுத்தார். ஆறு மி.மீ. செம்புக் குழாயை அறுத்தேன். தண்ணீர் வழியும் என்று எதிர்பார்த்தால் ஒன்றும் வரவில்லை. உள்சுவர் முழுக்கச் செம்புத்தூள் சுட்டு ஒட்டியிருந்தது, உப்புத்தாள் போல் சொரசொரப்பு. அந்தத் தூளுக்குள் சில துளி நீர் ஊறிக் கிடக்கும், குழாய்க்குள் காற்றை உறிஞ்சி மூடியிருப்பதால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி அங்கே நீராகி, தூளின் வழியே ஊறித் திரும்பி வரும். பம்பு இல்லை, மோட்டார் இல்லை. அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963இல் இதைச் செய்து காட்டியது அணுசக்தி, விண்வெளி வேலைகளுக்காக. இன்று லேப்டாப் வைத்திருக்கிற பலர் மடியிலும் அது இருக்கிறது.

மாட்டுவது கைவேலை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு புஷ்பின்களை எதிரெதிர் மூலையாக அமுக்க வேண்டும். ஒரே பக்கம் அடுத்தடுத்து அமுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அமுங்கியதா என்பது விரலுக்குத் தெரியும், போர்டின் பின்பக்கம் பார்த்து உறுதி செய்ய வேண்டும். நல்ல குட்டைக் கூலர்கள் திருகில் நிற்பவை. என்எச்-எல்9ஐ போன்றவற்றைப் போர்டின் பின்னாலிருந்து திருக வேண்டியிருப்பதால் கேபினெட்டுக்குள் போகும் முன்பே மாட்டியாக வேண்டும். 2021இல் எல்ஜிஏ 1700 சாக்கெட் வந்தபோது திருகு ஓட்டைகளின் இடைவெளி 75லிருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது, ப்ராசஸரும் முன்பைவிட முக்கால் மி.மீ. போலத் தாழ்ந்து உட்கார்ந்தது. பழைய கூலரைப் பழைய பிடிப்போடு எப்படியோ நுழைத்துவிட்டால் பார்வைக்கு உட்கார்ந்தது போலத்தான் இருக்கும், அழுத்தம் இருக்காது. தெருவில் ஓட்டையை அரம் போட்டு அகலப்படுத்தி மாட்டிக்கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். அண்ணன் அதைப் பற்றிப் பேசினால் கெட்ட வார்த்தை வரும்.

ப்ராசஸர்மேல் வைக்கும் தெர்மல் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு. இந்த ப்ராசஸர் நீள்சதுரம் என்பதால் அதைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் ஓரம் வரை பரவும். திருகுகளை ஒவ்வொன்றாக முழுக்க இறுக்காமல், மூலைவிட்டமாக இரண்டு இரண்டு சுற்றாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் தடவை மாட்டியதை அண்ணன் உடனே கழற்றச் சொன்னார், பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்க. துடைத்துவிட்டு மறுபடி போடு என்றார். வேலை ஒழுங்காக இருந்தாலும் கழற்றச் சொல்வார். பார்க்காமல் எப்படித் தெரியும் என்பது அவர் வாதம்.

கூலரோடு வந்த ஃபேனை விட்டுவிட்டு, தன் கையிருப்பிலிருந்த மெல்லிய 92 மி.மீ. ஃபேன் ஒன்றை அண்ணன் மாட்டியிருந்தார். படுத்த நிலையில் ஓடும் ஃபேனுக்கு பேரிங் முக்கியம். மலிவான ஸ்லீவ் பேரிங் படுத்தவாக்கில் சீக்கிரம் தேயும், எண்ணெய் வற்றியதும் கரகரக்கும். எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுற்றும் வகை என்றால் அந்தத் தொல்லை குறைவு. இதையெல்லாம் முடித்துவிட்டு கடை சாத்தும் நேரத்துக்கு டீச்சரை வரச் சொன்னோம்.

ஷட்டர் இறங்கியது. ட்யூப்லைட் அணைந்தது. டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு லேசான காற்றோசைதான் கேட்டது, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். டீச்சர் சொன்னார், "நாலரைக் கட்டையில முனகுது. அதுவும் ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு. சுருதி சேரல."

பயாஸைத் திறந்து பார்த்தேன். கூலர் ஃபேன் 1600 சுற்று. இறக்கைகளை எண்ணினேன், ஏழு. 1600ஐ அறுபதால் வகுத்து ஏழால் பெருக்கினால் நொடிக்கு 187 அதிர்வு. நாலரைக் கட்டை சுருதியில் சட்ஜம் 185. என் கையில் பேனா அப்படியே நின்றது. கேபினெட்டின் ஓரத்தில் காற்றை வெளியேற்றும் ஃபேனுக்கும் ஏழு இறக்கை, அது 1570இல் ஓடிக்கொண்டிருந்தது. 183. இரண்டுக்கும் இடையே நொடிக்கு மூன்று, நான்கு தடவை ஓசை எழுந்து அடங்கும். தம்புராவில் இரண்டு சாரணித் தந்திகளைச் சேர்க்கும்போது சுருதி நெருங்க நெருங்க ஓர் அலைவு கேட்குமே, அதேதான். டீச்சர் சொன்ன பிறகு எனக்கும் கேட்டது. அதற்கப்புறம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அண்ணனுக்கு இந்த அலைவு தெரியும். அவர் பாஷையில் அதற்குப் பெயர் "ஊய் ஊய்". கட்டை பெயர்தான் அவருக்கும் புதிது. ஒரு ஃபேனின் வேகத்தை மற்றதிலிருந்து நன்றாகப் பிரித்துவிட வேண்டும். கேபினெட் ஃபேனை 900க்கு இறக்கினோம், கூலரை 1100க்கு. வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும் என்பது ஃபேன்களுக்கான பொதுக்கணக்கு. 1600லிருந்து 1100க்கு வருவதே எட்டு டெசிபல். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தோன்றும்.

அப்புறம் சீரான ஓட்டம். குட்டைக் கூலரில் உலோகம் குறைவு, சூட்டைத் தேக்கி வைக்க இடமில்லை. பிரவுசரைத் திறந்த நொடியில் ப்ராசஸர் 45லிருந்து 65க்குத் தாவும், இரண்டு நொடியில் திரும்ப இறங்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்பில் போர்டு அந்தத் தாவலுக்கெல்லாம் ஃபேனை விரட்டும். மெஷின் மூச்சு வாங்குவதாக வாடிக்கையாளர்கள் புகார் சொல்வது இதைத்தான். ஒரே அளவில் ஓடும் ஓசையைக் காது சற்று நேரத்தில் ஒதுக்கி வைத்துவிடும். ஏறி இறங்குவதை ஒருபோதும் ஒதுக்காது. அசூஸ் போர்டில் க்யூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்று இதற்கான பக்கத்துக்குப் பெயர் வேறு வேறு. நாங்கள் 65 டிகிரி வரை கோட்டைப் படுக்க வைத்தோம், 1100 சுற்று. அங்கிருந்து 80 டிகிரிக்கு 1500. முழு வேகம் 90க்கு மேல்தான். சூடு ஏறினாலும் உடனே பதறாமல் சில நொடி பொறுத்து வேகம் கூட்டச் சொல்லும் அமைப்பையும் போட்டோம். டீச்சர் மறுபடி கண்ணை மூடினார். நான் வேண்டுமென்றே பிரவுசரைத் திறந்து மூடினேன். "ம்" என்றார். அந்த "ம்" சிஷ்யப் பிள்ளைகளுக்கு எப்போதாவது கிடைப்பதாக இருக்கும்.

ஃபேன்கள் அடங்கியதும் அடுத்தது தலையெடுத்தது, ஹார்டு டிஸ்க். 7200 சுற்று டிஸ்க் என்றால் நொடிக்கு 120, 5400 என்றால் 90. தகரக் கேபினெட் அதை வாங்கிப் பெரிதாக்கும். விண்டோஸை எஸ்எஸ்டியில் போட்டு, கச்சேரி டிஸ்க்குக்கு 5400இல் ஒன்று எடுத்து, திருகுகளுக்கு நடுவே ரப்பர் வாஷர் வைத்ததோடு அன்றைய வேலை முடிந்தது.

மெஷின் மயிலாப்பூர் போய்ச் சில வாரம் கழித்து டீச்சரிடமிருந்து போன்.

"சத்தம் வருதும்மா."

"எப்படி டீச்சர் இருக்கு?"

"மந்த்ர ஸ்தாயி. அஞ்சு கட்டைக்கு ஒரு நூல் மேல. அலையவே இல்ல, அப்படியே நிக்குது."

பில் புத்தகத்தின் பின்அட்டையில் கணக்குப் போட்டேன். ஐந்து கட்டை 196, மந்த்ரத்தில் 98, ஒரு நூல் மேலே என்றால் 100. நாங்கள் வைத்த வேகத்தில் எந்த ஃபேனும் அங்கே வராது. டிஸ்க் 90. நம் ஊர்க் கரண்ட் 50 சுழற்சி. ட்ரான்ஸ்ஃபார்மர் முனகினால் அதன் இரட்டிப்பில் முனகும்.

"டீச்சர், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இன்வர்ட்டர் ஏதாவது இருக்கா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. போன வாரம்தான் புதுசு மாத்தினோம்."

"அத ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிப் பாருங்களேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம், நடக்கும் சத்தம், ஒரு ஸ்விட்ச். "நின்னுடுத்து" என்று தூரத்திலிருந்து கேட்டது. அண்ணன் அசெம்பிள் மேசையிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்வர்ட்டர் நம்ம லைன் இல்லன்னு சொல்லிரு" என்றார்.